சொல்வதை எழுதுபவர்

அடையாள அட்டையில் என் பெயர் இல்லை.
'சொல்வதை எழுதுபவர்' என்று மட்டும் இருந்தது.
மன்னவனூரில் முதல் பேருந்தேறி
பூம்பாறை வந்தேன்,
இரண்டு நீலப் பேனாவும்
மடித்த ஆணையும் கொண்டு.

நாகஜோதிக்கு மாடியில் அறை போட்டிருந்தார்கள்.
சாய்தளம் உண்டு. போன வருடம் கட்டியது.
நன்றாகத்தான் ஏறுகிறது,
ஏறி ஒரு படிக்கு முன்னால் நின்றுவிடுகிறது,
கேட்க வந்ததை மறந்தவர் போல.

நாற்காலியோடு தூக்க நாலு பையன்களைக் கூப்பிட்டார்
துறை அலுவலர் பெஞ்சமின்.
"தூக்க வேணாம் சார்.
கீழ ஒரு மேசை போடுங்க."
இதைச் சொல்லி முடிக்க
அவளுக்கு ஒரு நிமிடம் ஆனது.
ஆய்வகத்தில் போட்டார்கள்.
பாட்டிலில் மிதந்த தவளை
எங்களைப் பார்த்தபடி இருந்தது.

வாசலில் அவள் அம்மா ஈஸ்வரி.
திண்டுக்கல்லுக்கு மூன்று முறை இறங்கி
மூன்று முறையும் டாக்டர் விடுப்பு,
நாலாம் முறை வாங்கிய சான்றிதழ்.
பூண்டு உரிக்கும் விரல்கள் தொட்டுத் தொட்டு
அரசு முத்திரைக்கே பூண்டு வாசம்.

சமூக அறிவியல்.
ஒரு சொல் தொண்டையிலிருந்து நாக்குக்கு வர
இந்த மலையின் கொண்டை ஊசி வளைவுகள்
அத்தனையையும் எடுத்துக்கொள்கிறது.
முந்திக்கொண்டு நான் முடித்துவைக்கக் கூடாது.
"ஒத்து..." என்கிறாள்.
ஒத்துழையாமை என்று ஓடத் துடிக்கிறது பேனா.
"ஒத்துக்கொண்ட" என்று முடிக்கிறாள்.
நல்லவேளை, எழுதவில்லை.

பிறகு கோடிட்ட இடம்.
தமிழ்நாட்டின் மிக உயர்ந்த சிகரம்?
"வந்தரவு."
பேனா நின்றது.
"என்ன டீச்சர்?"
"கொஞ்சம் யோசி..." வாயை மூடிக்கொண்டேன்.
"யோசிச்சுத்தான் சொன்னேன்.
எழுதுங்க."
பதினெட்டு வருடம் சிவப்பு மையில் பிழைத்த கை
நீலத்தில் எழுதியது:
வந்தரவு.
ஐந்தே எழுத்து. மணிக்கட்டு வலித்தது.

மணி அடித்தது. எல்லோரும் கலைந்தார்கள்.
இனி அவளுக்குக் கூடுதலாக ஒரு மணி நேரம்.
'சலுகை' என்கிறது சுற்றறிக்கை.
"நமக்கும் குடுத்தா ஆகாதா?"
சன்னலோரம் போன ஒருவன் சொன்னது
அவள் காதிலும் விழுந்தது, என் காதிலும்.
கடனைத் திருப்பித் தருகிறவன்
அதைச் சலுகை என்பானா?
ஒன்றரை மணிப் பேருந்தின் ஹாரன்
என்னை விட்டுவிட்டு வளைவில் இறங்கியது.
சத்துணவுப் பாத்திரங்கள் கழுவும் ஓசை.
பெஞ்சமின் கடிகாரத்தைப் பார்த்தார்,
பிறகு கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

நாற்பது நிமிடத்தில் விடைகள் தீர்ந்தன.
"மிச்ச நேரத்துல
முதல்ல இருந்து படிச்சுக் காட்டுங்க."
படித்தேன்.
எழுதியதைவிட அதுதான் கடினம்:
சரிக்கும் தப்புக்கும் ஒரே குரல்.
அந்த ஒரு சொல்லில் மட்டும்
மூச்சு இடறியிருக்க வேண்டும்.
"அங்க மட்டும் மெதுவாப் படிச்சீங்க."
நான் பேசவில்லை. தவளையும் பேசவில்லை.
"இருக்கட்டும். மேல போங்க."

நாலு மணிப் பேருந்துக்கு மூவரும் நின்றோம்.
கவுஞ்சியிலிருந்து காலையில்
கேரட் ஜீப்பில் வந்தவர்கள் அவர்கள்.
எதிர்ச்சரிவை மஞ்சு அழித்துக்கொண்டிருந்தது.
"இப்பச் சொல்லலாம்ல?"
"தொட்டபெட்டா. ஊட்டிப் பக்கம்."
சிரித்தாள். அந்தச் சிரிப்புக்கும் நேரமானது.
"அத நான் பாத்ததே இல்லையே."
"ஒரு மார்க்குதான போச்சு" என்றாள் ஈஸ்வரி.
"என் மார்க்கு."

பேருந்து வந்தது.
முதல் படி என் முழங்காலுக்கு மேலே.
இருக்கையிலிருந்து இரண்டு பேர்
கை நீட்டியபடி எழுந்தார்கள்.
"நில்லுங்க,
எப்படித் தூக்கணும்னு நான் சொல்றேன்."
கண்டக்டர் வாயிலிருந்து விசிலை எடுத்தார்.
அவள் சொல்லத் தொடங்கினாள்.
காத்திருந்தோம்.