அதிர விடவும்

இசைத்தாளில் நூற்றுப் பன்னிரண்டு கட்டம்
எனக்கு வேலையில்லை.
எண்ணிக்கொண்டு நிற்பதுதான் வேலை.

வெளியே நரிமன் முனையில் மழை.
உள்ளே, குளிர்சாதனத்தில்,
பிரெஞ்சுக்காரர் ஒருவர் எழுதிய உப்பளம்
காய்ந்துகொண்டிருக்கிறது.
முதலில் குழல்கள் வற்றின,
பிறகு கொம்புகள்.
வயலின்கள் இப்போது வில்லின் நுனியால்
மிச்சத் தண்ணீரைத் தள்ளிக்கொண்டு போகின்றன
வரப்பு வரைக்கும்.

எலோடியின் கோல் ஏழு என்கிறது.
மூடிய வாய்க்குள் நான்
தகிட தகதிமி.
அடுத்தது ஐந்து. தக தகிட.
எப்படி நீ மட்டும் தவறுவதேயில்லை என்று
ஒத்திகையில் கேட்டாள். சிரித்து வைத்தேன்.
தவறியிருக்கிறேன், அறுபத்து நான்கில்,
பாண்டுப் நெடுஞ்சாலையில் பஸ் நின்றபோது கண்ட
நிஜ உப்பளம் குறுக்கே வந்து.
சாம்பல் தண்ணீர். கரையில் ஒருவர்
குடைக்குள் ஃபோன் பேசிக்கொண்டிருந்தார்.
ஜூலையில் உப்பு ஏது.

என் முன்னால் தொங்குவது
சேகண்டிக்குப் பெரியம்மா முறை.
ஓர்லியிலிருந்து டெம்போவில் வந்தது,
அதன் ஒருநாள் வாடகை என் கூலியைவிட அதிகம்.
சட்டத்தில் மாட்டிவிட்ட தாராவி சுடலைமுத்து
சுண்டிப் பார்த்துக் கேட்டான்:
'யாரு மேடம் போயிட்டது?'

நூற்றுப் பத்து.
நூற்றுப் பதினொன்று.
வயலின்களும் இல்லை.
மூன்றாம் வரிசையில் ஓர் இருமல்
அடக்க அடக்க வளர்கிறது.

ஒரே அடி.
அடி என்றுகூடச் சொல்ல முடியாது,
காய்ச்சல்காரன் நெற்றியில் ஈரத்துணி போல
பஞ்சுத் தலையை வைத்து எடுத்தேன்.
கீழே எழுதியிருக்கிறார்: அதிர விடவும்.
எதுவரை என்று எழுதவில்லை.

பதினைந்து வருடமாக நான் பழகியதெல்லாம்
ஓசையைப் பிடித்து நிறுத்துவது:
உள்ளங்கையால், முழங்காலால்,
அவசரத்துக்கு வயிற்றால்கூட.
இப்போது இரண்டு கையும் சும்மா.
அது என்னைக் கடந்து,
காலி நாற்காலிகளைக் கடந்து,
எங்கே போகிறதென்று தெரியாமல் போகிறது.
எலோடியின் கை இறங்கவில்லை.
முடிந்ததா என்று அறுநூறு பேர்
பக்கத்து முகத்தைப் பார்க்கிறார்கள்.
கேட்பது உலோகமா, கூரையில் மழையா,
அடித்த எனக்கே பிடிபடவில்லை.

யாரோ அவசரப்பட்டுக் கைதட்டினார்.

எல்லோரும் போனபின்
கழற்ற வந்த சுடலைமுத்து
தட்டின்மேல் கையை வைத்தான், எடுத்தான்.
'இன்னும் இருக்கு மேடம்.'

பத்து மணிக்கு மேல் போனால் வாடகை கூடும்.
டெம்போக்காரன் வாசலில்
ஹாரனை அழுத்துகிறான்.