ஏழாவது கட்டம்

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட்டுக்கு இந்தப் பக்கம்,
சைக்கிள் கடைக்கு மேலே, பதினேழு படி ஏறினால் எங்கள் அறை.
நடக்க முடியாதவர்களுக்கான சாமான்களை
மாடியில் வைத்த புத்திசாலி யாரென்று
எனக்கும் தெரியாது. வாடகை குறைவு.

போர்டில் அறக்கட்டளையின் பெயர் பாதி உரிந்துவிட்டது.
"வாக்கர் குடுக்கற எடம்" என்றால்
டீக்கடையில் கை காட்டுவார்கள்.

வாக்கர் ஒன்பது. சக்கர நாற்காலி நான்கு,
ஒன்றுக்கு பிரேக் பிடிக்காது, சொல்லித்தான் தருகிறோம்.
படுக்கைப்புண்ணுக்குக் காற்று மெத்தை இரண்டு.
டயாலிசிசுக்கு ஸ்டான்லி போய்வர பஸ் பணம்,
நன்கொடை வந்த மாதங்களில் மட்டும்.
புதன்கிழமை ஜெபக்கனி வந்து மனு எழுதித் தருவாள்.
காசிமேட்டில் மீன் வெட்டி வெட்டி
கட்டைவிரல் ரேகை அழிந்த பெண்களை
மிஷின் யாரோ என்கிறது.
அவர்களைத் தாலுகா ஆபீசுக்குக் கையோடு கூட்டிப்போவாள்,
"இவங்கதான் இவங்க" என்று சொல்ல.

சிலர் எதுவும் கேட்பதில்லை.
பெஞ்சில் உட்கார்ந்துவிட்டுப் போவார்கள், ஃபேன் இருக்கிறது.
ஒருவர் தினமும் போன் சார்ஜ் போட வருகிறார்.
அதற்கு நோட்டில் இடமில்லை.

நோட்டு என் பொறுப்பு.
எண், பெயர், முகவரி, பொருள்,
எடுத்த தேதி, கொடுத்த தேதி,
ஏழாவதாக, திருப்பித் தந்த காரணம்.
அந்தக் கட்டம் யார் போட்டதோ.
'குணம்' என்று மொத்தம் பதினொரு இடத்தில் இருக்கிறது.
மற்ற இடங்களில் எனக்கு முன் இருந்தவர்
ஒரு கோடு இழுத்துவிட்டிருக்கிறார்,
இறக்கிவிட்ட கேட் மாதிரி.

திங்கட்கிழமை தேசப்பன் வந்தார்.
எடுத்தது சித்திரையில், மனைவி பவுனம்மாள் பெயரில்.
ஜன்னலிலிருந்து பார்த்தேன், கேட் போட்டிருந்தது,
ஹார்பருக்குப் போகும் கூட்ஸ்.
பெட்டிக்கும் பெட்டிக்கும் நடுவில்
கொஞ்சம் கொஞ்சமாகத் தெரிந்தார்:
சட்டை, தோளில் சுருட்டிய மெத்தை, மறுபடி சட்டை.
ரயில் போனதும் எல்லோரும் குனிந்து நுழைந்தார்கள்.
அவர் கேட் தூக்கும்வரை நின்றார்,
ஐந்து மாதமாக இந்தப் படிகளை
இரண்டிரண்டாக ஏறியவர்.

மெத்தை டெட்டால் வாசனையடித்தது.
"ரெண்டு நாள் மொட்டமாடில காயவச்சேம்மா."
முன்பணம் இருநூறு ரூபாயை
எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார்.
பிறகு மெத்தையைப் புரட்டி அடிப்பக்கம் காட்டினார்.

பால்பாயிண்ட் பேனாவில், மூன்று நான்கு கையெழுத்தில்:
இடது மூலை கசியும்.
வெயில் காலத்தில் மேலே பருத்திச் சேலை விரிக்கவும்.
பம்பை மெதுவாக மிதிக்கவும், சத்தத்தில் முழித்துக்கொள்வார்கள்.
கடைசியில், புது மையில்:
ராத்திரி ரெண்டு மணிக்கு ஒருதரம் காத்து பாக்கவும்.

எத்தனை வருடமாக என் அலமாரியில்
இந்த எழுத்து மடிந்து கிடந்ததோ.
நான் மெத்தையை எண்ணி அடுக்கியிருக்கிறேன்.
திருப்பிப் பார்த்ததில்லை.

பேனாவை ஏழாவது கட்டத்தில் வைத்துக்கொண்டு
அவர் முகத்தைப் பார்க்காமல் இருந்தேன்.
"இன்னா யோசன, எய்துமா" என்றார்.
"வேற யாருக்குனா வேணும்ல."
அதை அப்படியே எழுதினேன்.
கட்டம் போதவில்லை,
கடைசி எழுத்து ஓரத்தில் ஏறி நின்றது.

காத்திருப்போரில் முதல் பெயர் நூர்ஜமால்,
வியாசர்பாடி, கணவருக்கு முதுகு.
போன் போட்டேன். "இப்பவே வர்றேன், இப்பவே" என்றாள்.
மறுபடி கேட் போட்டார்கள்.

கீழே கமால், ட்யூப் பார்க்கும் தொட்டியில்
மெத்தையின் இடது மூலையை அமுக்கிக்கொண்டிருந்தார்.
தேசப்பன் போகவில்லை. பக்கத்தில் குந்தி,
"அங்க இல்ல, இன்னும் கொஞ்சம் இப்டிக்கா" என்று
விரலால் காட்டிக்கொண்டிருந்தார்.
கறுப்புத் தண்ணீரில் ஒவ்வொன்றாகக்
குமிழி வந்தது.