பச்சை விளக்கு

நவம்பர் மாத ஆய்வுச் சுருக்கம் நான்கே பக்கம்.
மூன்றாம் பக்கத்தில் ஓர் அட்டவணை:
ஓடிய கருவி, ஓடுவதுபோல் நடித்த கருவி.
இரண்டிலும் வலி
ஏறக்குறைய ஒரே அளவுதான் குறைந்திருக்கிறது.
கீழே பொடி எழுத்தில், பரிந்துரைக்கப்படவில்லை.

இருபத்திரண்டு ஆண்டுகள்
அல்ட்ராசவுண்டின் அந்தக் குளிர்ந்த தலையை
லியபாயாவின் தோள்கள் மேல் வட்டமிட்டு ஓட்டியிருக்கிறேன்.
வலஞ்சுழியாக. எப்போதும் வலஞ்சுழிதான்.
ஏன் என்று யாரும் கேட்டதில்லை, நான் உட்பட.
எத்தனை தோள்கள் என்று கணக்குப் போடத் தொடங்கி
தேநீர் ஆறியதும் விட்டுவிட்டேன்.

சிக்னே வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்.
அவள்தான் கருவியை மூலைக்குத் தள்ளி
ஒரு துண்டைப் போர்த்தினாள்.
இனி எடை, இழுபட்டை, காலம் என்றாள்.
சரியாகத்தான் சொன்னாள்.
சரியாகச் சொல்பவர்கள் மேல்
கோபப்படுவதுதான் எத்தனை சுலபம்.

செவ்வாய், எட்டே முக்கால்.
கப்பல் பட்டறையில் வெல்டிங் செய்யும் விஸ்வால்டிஸ்
கோட்டோடு சேர்த்துக் கடல்காற்றையும் உள்ளே கொண்டுவருகிறார்.
இடது தோள் உறைந்து பத்து மாதம்.
கோணமானியை வைக்கிறேன்:
பக்கவாட்டில் அறுபத்தெட்டு பாகை.
சட்டையின் இரண்டாம் கைக்குள் நுழைவதற்குள்
முதல் டிராம் போய்விடுகிறதாம்.

"மெஷின் வைக்கவில்லையா?"

அட்டவணையைச் சொல்கிறேன். எண்களைச் சொல்கிறேன்.
குறுக்கே பேசாமல் முழுவதும் கேட்கிறார்,
பிறகு,
"மார்ச்சில் வைத்தீர்களே, அப்படி வையுங்கள் போதும்."

"மார்ச்சில் எப்படி வைத்தேன்?"

"பச்சை விளக்கு எரியாமல்."

காது மடல் சுடுகிறது.
மார்ச்சில் உள்ளே ஏதோ கருகி,
ரீகாவிலிருந்து உதிரிபாகம் வர மூன்று வாரம் ஆனது.
ஆறு அமர்வுகள்
செத்த கருவியை அவர் தோளில் ஓட்டினேன்.
காத்திருப்போர் வரிசை நீளம், எனக்கு வேறு வழி தோன்றவில்லை
என்று சொல்லலாம். உண்மையில்
வெறும் கையோடு அவர் முன் நிற்கக் கூச்சமாக இருந்தது.
யாரிடமும் சொல்லவில்லை. ஏட்டிலும் எழுதவில்லை.

"முப்பது வருடம் மின்வில்லோடு கிடந்தவன்.
கம்பியில் கரண்ட் இருக்கிறதா என்று
எனக்குத் தெரியாதா, டாக்னியா?"

"அன்றே சொல்லியிருக்கலாமே."

அவர் சுவரைப் பார்க்கிறார்.
தசைப் படத்தில் தோலுரிந்த மனிதன்
ஒரு கையை மட்டும் உயர்த்தி நிற்கிறான்.

"சொன்னால் கையை எடுத்துவிடுவீர்கள்."

இதற்கு அட்டவணையில் கட்டம் இல்லை.
இருந்தாலும் எந்தக் கட்டத்தில் போடுவது,
ஓடியதிலா, நடித்ததிலா?

ஜெல் குப்பியை இழுப்பறையில் வைத்தேன்.
தோள்பட்டை எலும்பின் விளிம்பில்
ஒரு கையை அப்படியே வைத்துக்கொண்டு
மற்றதால் சுவரைக் காட்டினேன்:
விரல்களால் ஏறுங்கள், நண்டு ஏறுவதுபோல.
ஏறினார். பல்லைக் கடித்தார்.
ரஷ்ய மொழியில் ஒன்று சொன்னார், வசைக்கு அவருக்கு அந்த மொழிதான்.
விரல் நின்ற இடத்தில் பென்சிலால் கோடு போட்டேன்.
புதிதாக வெள்ளையடித்த சுவர்.
திட்டு வாங்குவேன்.

மாலையில் மார்ச் மாத ஏட்டைத் திறந்து
ஆறு தேதிகளுக்கு எதிரே எழுதினேன்:
கருவி இயங்கவில்லை. நோயாளிக்குத் தெரிவிக்கவில்லை.
சிக்னே என் தோளுக்கு மேலாக வாசித்தாள்.
ஒன்றும் சொல்லாமல் போய் விளக்குகளை அணைத்தாள்,
என் மேசை விளக்கைத் தவிர.

வெள்ளிக்கிழமை எழுபத்தொன்று.
மூன்று பாகை என்பது
கோணமானியின் பிழைக்குள் அடங்கிவிடும்.
அதையும் எழுதினேன்.