மூன்றாம் எண் ஷட்டர்

பூட்டு வாய்பிளந்து மணலில் கிடந்தது.
தலைஞாயிற்றுக்குக் கிழக்கே
மூன்றாம் எண் ஷட்டர்
ஒன்றரைச் சாண் உயர்ந்திருந்தது.
அதன் கீழே
யார் அனுமதியும் கேட்காமல்
கலங்கலாய்ப் போய்க்கொண்டிருந்தது காவிரி,
எங்கள் கணக்கில் நாற்பது கன அடி.

"யார் திறந்தது?" என்றேன்.
லஸ்கர் உத்திராபதி
டார்ச்சை இடுப்பில் செருகியபடி
"காக்காதான் மேடம்" என்றார்.
மேலே, கிரீஸ் காய்ந்த சக்கரத்தின் மீது
உண்மையிலேயே ஒன்று உட்கார்ந்திருந்தது.
எனக்குச் சிரிப்பு வந்தது.
அவர் சிரிக்கவில்லை.

ஜீப்பில் திரும்பும்போதுதான்
அந்தக் கதையும் ஏறிக்கொண்டது:
முனிவர், கமண்டலம்,
விளிம்பில் வந்து உட்கார்ந்த காகம்.
ஆனைமுகத்தோன்
ஆனையாகவே வந்திருக்கலாம், ஓர் உதை போதும்.
மயிலாக, கிளியாக,
கும்பிடத்தக்க எதுவாகவும் வந்திருக்கலாம்.
ஒரு கை சோறு வைத்துவிட்டு
உடனே விரட்டுகிற பறவையாய் வந்தான்.

கமண்டலத்துக்குள் இருந்தவரை
அது தீர்த்தம்.
கவிழ்ந்து, சேறாகி,
மாடு இறங்கிய பிறகுதான் ஆறு.

முனிவர் விடவில்லை.
சிறுவனைத் துரத்திப் பிடித்து
உச்சந்தலையில் குட்டினார்.
தண்ணீர் தந்ததற்கு முதல் கூலி.
இன்றும் அரசடியில் நின்று
நம் தலையில் நாமே குட்டிக்கொள்கிறோமே,
பக்தி என்றுதான் நினைத்திருந்தேன்.
அந்த அடியில்
பங்கு கேட்பதாகவும் இருக்கலாம்.

இதோடு நின்றிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.
போன் அடித்தது.
தெற்கு வாய்க்காலிலிருந்து கோமளவல்லி:
"இன்னிக்கு எங்க முறை மேடம்.
விதைச்சு இருபது நாளாச்சு.
நுனி கருகுது.
எங்க தண்ணி எங்க?"

எந்த ஊருக்காக
அந்த நீரைச் சுமந்து போனார் முனிவர்?
நான் கேட்ட கதையில் அது இல்லை.
எங்கோ ஓர் ஊர்
வெறுங்குடத்தோடு
இன்னும் பாதை பார்த்து நிற்கக்கூடும்.

இரவு அறிக்கை எழுதினேன்.
'காரணம்' என்ற கட்டத்தில்
காகம் என்று எழுத முடியாது.
பாக்கியவதி பெயரையும் எழுதவில்லை.
கிழக்கு வரப்பில்
முழங்கால்வரை சேற்றோடு நின்று
மண்வெட்டியை முதுகுக்குப் பின்னால் மறைத்தவள்.
'துரு' என்று எழுதினேன்.
தெற்குக்கு ஒருநாள் கூடுதல் முறை என்றும் எழுதினேன்.
அந்த ஒருநாளை எவரிடமிருந்து பிடுங்குவது என்று
எழுதவில்லை.

கடைசிக் கட்டம், 'தேவை'.
பூட்டு ஒன்று.
பேனாவை மூடிவிட்டு, திரும்பத் திறந்து
'சிறியது' என்று சேர்த்தேன்.