அறுபத்து மூவர்

பாடாங் செராய் பேருந்து நிலையத்துக்கு எதிரே
என் போட்டோஸ்டாட் கடை.
வருமான வரி, சேமநிதி, சாலை வரி, பள்ளிப் பதிவு
செய்து தரப்படும் என்று கண்ணாடியில் ஒட்டியிருக்கிறேன்.
ஒட்டாதது இழுப்பறையில் கிடந்தது:
ஒரு 555 புத்தகம்.
அப்பா மளிகைக் கடன் எழுதிய அதே வகை.
நான் எழுதியது ஊராரின் கடவுச்சொல்.

பக்கத்துக்கு ஓர் ஆள். அறுபத்து மூன்று பேர்.
கோயிலிலாவது அவர்களைக் கல்லில் நிறுத்தியிருக்கிறார்கள்.
என்னிடம் ஒரு ரப்பர் பேண்டு.

வீரம்மாள் பக்கத்தில் பேரன் பிறந்த தேதி.
கதிரேசன் பக்கத்தில் லாரி எண்.
பதினேழு பேருக்கு ஒரே சொல், முருகா123.
வேல் காக்கும், சரி.
பதினேழு கதவுக்கும் ஒரே வேலா?

மார்ச்சில் அன்னபாக்கியத்தின் கணக்கிலிருந்து
நாலாயிரத்து இருநூறு வெள்ளி போயிற்று.
என் கடையில் இல்லை. ஏதோ பரிசு, ஏதோ அழைப்பு.
வந்த ஆறு இலக்கத்தை அவளே வாசித்துக் காட்டியிருக்கிறாள்.
"உனக்கு வாசிப்பேனே,
அந்த மாதிரிதானே கேட்டான்" என்றாள்.

அந்த மாதிரி.
அன்றிரவு எனக்குச் சோறு இறங்கவில்லை.

அதன் பிறகுதான் பெட்டகம் தேடினேன்.
ஒன்று இலவசம்; உள்ளே போட்டதை
வெளியே எடுத்துப் போக வழியில்லை.
ஒன்று அழகு, மாதம் பன்னிரண்டு வெள்ளி.
ஒன்று கடவுச்சொல்லையும் குறியீட்டையும்
ஒரே இடத்தில் வை என்றது.
பூட்டைப் பூட்டி அதிலேயே சாவியைத் தொங்கவிடுவதை
வசதி என்கிறார்கள்.

ஞாயிறு. நல்ல மழை. கதவு பாதி இறக்கியிருந்தது.
பழைய கைப்பேசியில் குறியீட்டுச் செயலியை ஏற்றி
என் எட்டுக் கணக்கையும் சேர்த்து
வேண்டுமென்றே அழித்தேன்.
"அக்கா, பைத்தியமா?" என்றான் சுகுமாரன்.
தொலைத்துப் பார்த்தால்தானே தெரியும்.

முதல் செயலி கையை விரித்தது.
அச்சிட்டு வைத்திருந்த மீட்புக் குறியீடுகளால்
எட்டு வாசலிலும் ஒவ்வொன்றாய்த் தட்டி நுழைந்தேன்.
இரண்டாவது, காப்புப் பிரதி எங்கே என்றது,
அதைப் பூட்டிய நீண்ட வாக்கியத்தைக் கேட்டது.
கொடுத்ததும் எட்டும் வரிசையில் வந்து நின்று
முப்பது விநாடிக்கு ஒரு தரம் முகம் மாற்றிக்கொண்டன.
இதுவே போதும்.
கடவுச்சொற்கள் வேறு பெட்டியில்.
என் கதை முடிந்தது.

அவர்கள் கதை?
ஐந்தரைப் பெரட்டுக்கு ஓடுகிறவளிடம்
காப்புப் பிரதி பற்றி எப்போது பேசுவது?
சுகுமாரன் சொன்னான், எல்லாரையும் உன் செயலியில் ஏற்றிவிடு.
ஏற்றினால் புத்தகம் கண்ணாடிக்குள் போகும்,
அவ்வளவுதான்.
பலருக்குக் காகிதமே போதும்.
ஆனால் என் காகிதம் அல்ல.

சம்பள நாளில் வரச் சொன்னேன்.
புதிய கடவுச்சொல்லை அவர்களே தட்டட்டும் என்று
சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றேன்.
கதிரேசனுக்கு இருபது நிமிடம்;
வரிசை ரொட்டிச் சானாய்க் கடைவரை நீண்டது.
வீரம்மாள் ஒவ்வோர் எழுத்தையும் சத்தம் போட்டுச் சொல்லித் தட்டினாள்.
வானொலியைக் கூட்டினேன்.
பழைய பக்கத்தைக் கிழித்து அவரவர் கையில் கொடுத்தேன்.
அன்னபாக்கியம் தன்னுடையதை
நாலாக மடித்து, மறுபடி மடித்து,
கடைசியில் வாயில் போட்டு மென்றாள்.

அறுபத்திரண்டு போயின.

மாணிக்கவேலு, பத்தொன்பதாம் கட்டை.
இறந்து இரண்டு வருடம்.
அவர் மின்னஞ்சலில் மகன் கல்யாணப் படங்கள் இருக்கின்றன,
திறந்து கொடு என்று மனைவி வந்து நின்றாள்.
கடவுச்சொல் சரி. குறியீடு அவர் எண்ணுக்குப் போயிற்று.
அந்த எண்ணை அழைத்தேன்.

"சியாப்பா?" என்றது ஓர் இளம் குரல்.
பின்னால் செம்பனை ஆலையின் இரைச்சல்.

ஓர் ஆறு இலக்கம் வந்திருக்கும்,
கொஞ்சம் வாசியுங்கள் என்று
நாக்கு நுனிவரை வந்தது.

வைத்துவிட்டேன்.
ரப்பர் பேண்டு இப்போது
ஒரே ஒரு பக்கத்தைச் சுற்றி.