நான்கு விரற்கடை

காரைக்காலிலிருந்து டாட்டா ஏஸில்
மல்லாந்து வந்தது பாதி மேசை.
மறுபாதி பத்து நாளாக
நாகூரில் என் பட்டறையில் நிற்கிறது.
நிற்கிறது என்றால், நாலு காலில்.
வந்ததற்கு இரண்டே கால்.
அறுபத்தொன்பதிலிருந்து சுவரில் சாய்ந்தே
காலம் தள்ளியிருக்கிறது.

பர்மா தேக்கு. கப்பல் கணக்கு எழுதிய மேசை.
அண்ணனும் தம்பியும் தோப்பைப் பிரித்தார்கள்,
தோணிப் பங்கைப் பிரித்தார்கள்,
கடைசியில் இதற்கு டேப் பிடித்தார்கள்.
சொன்னது அண்ணன் மகள் ஹபீபா.
காரைக்கால் பாதிக்காரி ரஹ்மா நாச்சியா
தம்பி மகள். போன வருடம்
ஒரு மவுத்து வீட்டில் பேச ஆரம்பித்தவர்கள்.

"ஒட்டிக் குடுங்க தனராசு,
கோடு தெரியக் கூடாது."

தெரியும் என்றேன்.
வாள் தின்ற தூளுக்கு நான் எங்கே போவேன்?

உடனே தொடவில்லை. கார்த்திகை.
வெட்டாறும் கடலும் கலந்து ஊதும் ஈரத்தில்
மரம் அரிசி போல ஊறியிருந்தது.
இப்போது துளையிட்டால் சித்திரையில் லொடலொடக்கும்.
முன்பணம் வாங்கியாயிற்று; தினம் ஒரு போன்.
தை பிறக்கட்டும் என்றேன்.
மாசியில்தான் உளி எடுத்தேன்.

நாலுகால் பாதியைக் கவிழ்த்து
ஒட்டடையும் மெழுகும் சுரண்டினேன்.
ஒரு வட்டம். சுண்டுவிரல் நகமளவு, நிறம் வேறு.
அதற்கு நேரே இன்னொன்று. பிறகு இரண்டு.
மூங்கில் ஆணி.
கொட்டாப்புளியால் ஒரு தட்டு.
மறு தட்டில், கணக்கு மை மூடியிருந்த மேல்பக்கத்தில்
தலை நீட்டியது.
நான்கும் கழன்றதும் அறுத்த ஓரத்திலிருந்து
நான்கு விரற்கடை அகலத்துக்கு ஒரு பட்டை
கையோடு வந்தது.
உள்ளே இரண்டு கள்ளக் கழுந்து,
நேற்று செருகியது போல, எண்ணெய் வாசத்தோடு.

ஆக, இது பிரியும் மேசை.
கப்பல் அறைக்குள் நுழைய, வெளியே வர,
பிரிக்கவென்றே செய்திருக்கிறான் ஒருவன்.
ஆணியைத் தட்டியிருந்தால் போதும்.

அறுத்தவனை நினைத்துக்கொண்டேன். நூல் பிசகாத அறுப்பு.
அப்படி அறுக்கத் தெரிந்தவன்
ஆணியைப் பார்க்காமலா இருப்பான்?
சொல்லியிருப்பான்.
இல்லை, கூலிக்காகச் சும்மா இருந்திருப்பான்.

டேப்பை எடுத்து மறுபடி அளந்தேன்.
செய்தவனின் துண்டுகள் சமமில்லை:
ஒன்று நீளம், ஒன்று குட்டை.
ஆணிப்படி பிரித்தால் ஒருவருக்கு
எட்டு விரற்கடை கூடப் போகும்.
சரிபாதி கேட்டவர்களுக்குச் சரிபாதி.
காலை யாரும் எண்ணவில்லை.

இருவரையும் கூப்பிட்டுக் காட்டினேன்.
பட்டையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்தார்கள்.
"இதையும் வெச்சு ஒட்ட முடியாதா?"
முனைக்கு முனை பசை பிடிக்காது நாச்சியா,
வச்சிரம் காய்ச்சினாலும், ஃபெவிகால் கொட்டினாலும்.
ரெண்டுகால் பாதியில் புதுத் துளை தோண்டணும்.
மேசை நான்கு விரற்கடை குறையும்.

யார் பக்கம் குறையும் என்று ஹபீபா கேட்டாள்;
கேட்டுவிட்டு அவளே சிரித்தாள்.
ரஹ்மா சிரிக்கவில்லை. வெகுநேரம் கழித்து,
"எங்க வாப்பா பக்கந்தான். கொறையட்டும்."

இரண்டு நாள் துளை. ஒரு நாள் இழைப்பு.
பசை ஒரு சொட்டு வைக்கவில்லை.
முற்றிய கல்மூங்கில் சீவிப் புது ஆணி.
வழக்கமாக ஆணித்தலையை மட்டமாக அறுத்துத் தேய்ப்பேன்.
இந்த முறை அடியில் கால் அங்குலம் நீட்டி விட்டேன்.
கை ஓட்டுகிறவர்களுக்குத் தட்டுப்படட்டும்.

மேல்பலகை ஒரு பக்கம் கருப்பு, ஒரு பக்கம் தேன்.
பாலிஷில் சமப்படுத்தச் சொல்லியிருந்தார்கள்.
மறந்துவிட்டது என்றேன்.

பட்டை என்னிடம் இருக்கிறது.
கடற்காற்றில் பட்டறைக் கதவு
அடித்துக்கொள்ளாமல் அண்டை கொடுக்கிறது.
கூலி பாதிதான் வந்திருக்கிறது.
மறுபாதி யார் தருவது என்று
பேசிக்கொண்டிருக்கிறார்கள்.