மக்னீசியம் சேர்க்காத தட்டு

தனியே கிடக்கும் ஆர்.என்.ஏ-வை அது சீண்டாது.
டி.என்.ஏ-வையும் சீண்டாது.
இரண்டும் பின்னிக் கிடந்தால் மட்டும் வரும்,
ஆர்.என்.ஏ இழையை மட்டும் நறுக்கும்.
உயிர்மெய்யிலிருந்து உயிரைக் கழற்றிக்கொண்டு
மெய்யின் தலையில் புள்ளி வைத்துவிட்டுப் போகிற வேலை.

சர்க்கரைக்குச் சர்க்கரை ஒரே ஓர் ஆக்சிஜன்தான் கூடுதல்.
அதைத் தடவியே இழையை இனம் கண்டுகொள்ளும்.
நான் நெற்றியில் கண்ணாடியை ஏற்றிவிட்டு
மேசையெல்லாம் தேடுகிறவள்.

டர்பன், அம்பிலோ சாலை, மூன்றாம் மாடி.
ஜன்னல் கம்பிக்கு வெளியே இரண்டு குரங்குகள்
ஹ்லெங்கிவேயின் சாப்பாட்டு டப்பாவை வேவு பார்க்கின்றன.
உள்ளே, பனிக்கட்டியில் புதைத்த குழாய்களில்
எச்.ஐ.வி.யின் கத்தரி.

வைரஸ் கருவியை இரவல் கேட்பதில்லை,
வரும்போதே கொண்டுவருகிறது.
தன் பழைய இழையைத் தானே வெட்டிக்கொண்டு வந்து
பதினைந்து எழுத்தளவு விட்டுவைக்கிறது.
அவசரத்தில் தவறியது என்று முதல் வருடம் நினைத்தேன்.
இல்லை, அது விதைநெல்.
அடுத்த இழை அதிலிருந்துதான் முளைக்கிறது.

சிக்கல் என்னவென்றால்
நம் செல்லுக்குள்ளும் அதே குடும்பத்துக் கத்தரிகள்.
அவற்றிலொன்று பழுதாகப் பிறந்த குழந்தைகளைப் பற்றிப் படித்திருக்கிறேன்.
அள்ளாத சொந்தக் குப்பையை அந்நியனென்று எண்ணி
உடம்பு தன்மீதே பாய்கிறதாம்.
ஆகவே அதன் கையைப் பிடி, நம் கையை விடு.
பதினொரு வருடமாக இந்த ஒரு வரிக்குத்தான் எனக்குச் சம்பளம்.

வெட்டினால் குழி ஒளிரும்.
வெட்டாவிட்டால் இருட்டு.
மின்வெட்டு அட்டவணையை
ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டிவைத்திருக்கும் ஊரில்
இருட்டு வேண்டுமென்று உட்கார்ந்திருப்பவர்கள்
நாங்கள் இருவர்தான் இருப்போம்.

அந்த வியாழன் மின்சாரம் போய் வந்தது,
மறுபடி போனது, ஜெனரேட்டர் இருமி இருமி எழுந்தது.
எட்டே காலுக்குத் தட்டைக் கருவிக்குள் வைத்தேன்.
எண்பது சேர்மம். எண்பதும் இருட்டு.

ஹ்லெங்கிவே குலவையிட்டாள்.
நானும் இட்டேன், எனக்கு அது சரியாக வராது.
"மோகி, எண்பதுமா?" என்றாள்.
அந்த 'உமா'வில்தான் வயிற்றில் கல் விழுந்தது.

பன்னிரண்டாம் வரிசை,
மருந்தே படாத எட்டுக் குழிகள்,
கட்டாயம் ஒளிர வேண்டியவை.
இருட்டு.

பனிக்கட்டிமேல் மூடி திறக்காமல் நின்றது
மக்னீசியம்.
இரண்டு அயனி வாய்க்குள் இருந்தால்தான் அதற்குக் கடி.
பல்லில்லாத வாய்க்குத் தீனி போட்டுவிட்டு
பட்டினி கிடக்கிறதே என்று கொண்டாடியிருக்கிறோம்.

ஒன்பது மணிக்கு அவள் கைபேசி அடித்தது.
ஃபிளாஸ்க்கிலிருந்து ரூயிபாஸ் ஊற்றி
மாத்திரையை விழுங்கினாள். தினமும் இதே மணி.
அந்த மாத்திரை இந்தக் கத்தரியின் பக்கமே போவதில்லை,
வேறு வாசல்களை அடைக்கிறது.
அடைத்தால் போதும்.
மாடிப்படியில் என்னை முந்துகிறவள் அவள்தான்.

"தூக்கிப் போட்டுவிடலாமா?"
"எதற்கு? இப்போது ஊற்றிப் பார்."

எட்டு எட்டுக் குழியாக ஊற்றினேன்.
திரையில் ஒவ்வொரு கோடாக எழும்பியது.
துறைமுகத்தில் கப்பல்கள் விளக்கேற்றுவது போல என்று
எழுதத் தோன்றியது. எழுதவில்லை,
ஏறியதெல்லாம் தோல்விக் கணக்கு.

டி-ஏழு மட்டும் தயங்கியது.
நாலு நிமிடம்.
உம்லாசிக்குக் கடைசி டாக்சி போய்விடுமே என்று
ஹ்லெங்கிவே பையை மாட்டிக்கொண்டாள்,
மாட்டியபடியே நின்றாள்.

பிறகு அதுவும் ஒளிர்ந்தது.

நோட்டில் எழுதினேன்:
மக்னீசியம் தாமதமாகச் சேர்த்தது, என் பிழை.
டி-ஏழு, நாலு நிமிடம்.
நாளை திரும்பச் செய்யவும்.